போன வருடத்தோடு ஒப்பிட்டால் எத்தனை சதவீதம்? நிதிக் கணக்கில் ஆண்டு வளர்ச்சி பார்க்கும் முறை

ஒரு நிறுவனத்தின் விற்பனை போன வருடம் 80 கோடி ரூபாய், இந்த வருடம் 92 கோடி. 92-இலிருந்து 80-ஐக் கழித்தால் 12. அந்த 12-ஐ 80-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 15. விற்பனை 15 சதவீதம் கூடியிருக்கிறது. வாய்பாடாக எழுதினால் இப்படி:

சதவீத மாற்றம் = (நடப்பு எண் − முந்தைய எண்) ÷ முந்தைய எண் × 100

வகுக்கும் எண் எப்போதும் முந்தைய ஆண்டினுடையதுதான். புதிதாகக் கணக்கு போடுகிறவர்கள் அவசரத்தில் 92-ஆல் வகுத்துவிடுவார்கள். 13 என்று வரும், பார்க்கச் சரி போலவே இருக்கும். இதே காரணத்தால்தான் ஏற்றமும் இறக்கமும் ஒரே சதவீதமாக வருவதில்லை. 80 என்பது 92 ஆனால் 15 சதவீத ஏற்றம், 92 என்பது 80 ஆனால் 13 சதவீத இறக்கம். பாதியாகக் குறைந்த லாபம் பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். இன்னொன்று, 100 கோடி 300 கோடியானால் அது மூன்று மடங்கு, வளர்ச்சி 200 சதவீதம். இந்த இரண்டையும் குழப்பி "300 சதவீத வளர்ச்சி" என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

வகுத்தலை எக்செல் பார்த்துக்கொள்ளும். நாம் கவனமாக இருக்க வேண்டியது எந்த எண்ணை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில். கீழே இருப்பவற்றில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

எண்ணை எங்கிருந்து எடுப்பது

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட இந்திய நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் 45 நாளுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும். தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்குக்கு 60 நாள். இது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதி. முடிவுகள் தாளை பிஎஸ்இ, என்எஸ்இ இணையதளங்களிலோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ இறக்கிக்கொள்ளலாம்.

நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஆகவே முதல் காலாண்டு என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை. "2025 நிதியாண்டு" என்று சந்தையில் சொன்னால் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டு. அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றுக்கு ஆண்டு டிசம்பரில் முடிகிறது. இரு நாட்டு நிறுவனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாளைத் திறந்ததும் முதலில் தலைப்பைப் படியுங்கள். தனி நிறுவனக் கணக்கா, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கா? ஸ்டாண்ட்அலோன், கன்சாலிடேட்டட் என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே பிடிஎஃப்பில் அடுத்தடுத்த பக்கங்களில், அதே வடிவத்தில் இருக்கும். இந்த வருட எண்ணை ஒன்றிலிருந்தும் போன வருட எண்ணை மற்றொன்றிலிருந்தும் எடுத்தால் வரும் விடைக்கு அர்த்தமே கிடையாது. துணை நிறுவனங்கள் உள்ள இடத்தில் பொதுவாக ஒருங்கிணைந்த கணக்கையே எடுங்கள்.

அடுத்து வலது மேல் மூலையில் உள்ள சின்ன எழுத்து: ரூபாய் கோடியிலா, லட்சத்திலா, மில்லியனிலா? பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன். ஒரே தாளுக்குள் இது தொல்லை தராது. பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்துப் பார்க்கும்போது, நடுவில் நிறுவனம் லட்சத்திலிருந்து கோடிக்கு மாறியிருந்தால் விடை நூறு மடங்கு பிசகும்.

இனி பத்திகள், அதாவது தாளில் மேலிருந்து கீழாக ஓடும் எண் வரிசைகள். 2024 செப்டம்பர் காலாண்டுக்கான தாளில் வழக்கமாக இடமிருந்து வலமாக ஆறு பத்தி இருக்கும். கற்பனையான ஒரு நிறுவனத்தின் வருவாயை ரூபாய் லட்சத்தில் போட்டுக் காட்டுகிறேன்.

1. 30.09.2024 அன்று முடிந்த காலாண்டு: 18,450
2. 30.06.2024 அன்று முடிந்த காலாண்டு: 19,120
3. 30.09.2023 அன்று முடிந்த காலாண்டு: 16,280
4. 30.09.2024 அன்று முடிந்த அரையாண்டு: 37,570
5. 30.09.2023 அன்று முடிந்த அரையாண்டு: 33,010
6. 31.03.2024 அன்று முடிந்த ஆண்டு: 68,940

ஆண்டு வளர்ச்சிக்கு நமக்கு வேண்டியவை முதல் பத்தியும் மூன்றாம் பத்தியும். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக இரண்டாம் பத்தியை எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அது மூன்று மாதத்துக்கு முந்தைய காலாண்டு. அதோடு ஒப்பிட்டால் 3.5 சதவீத இறக்கம் வரும். போன வருடம் இதே காலாண்டோடு ஒப்பிட்டால் 18,450 − 16,280 = 2,170; அதை 16,280-ஆல் வகுத்தால் 13.3 சதவீத ஏற்றம். நேர் எதிரான இரண்டு செய்திகள், இரண்டும் ஒரே தாளில்.

அரையாண்டுக்கு நான்காவதையும் ஐந்தாவதையும் எடுக்க வேண்டும்: 4,560 ÷ 33,010, அதாவது 13.8 சதவீதம். ஆறாம் பத்தி முழு ஆண்டுக்கானது, இந்தத் தாளில் அதற்கு ஜோடி கிடையாது. அரையாண்டு எண்ணை முழு ஆண்டு எண்ணோடு ஒப்பிட்டு "விற்பனை பாதியாகிவிட்டது" என்று பதறுகிறவர்களும் உண்டு.

தாளில் இல்லாத ஓர் எண்ணையும் இதிலிருந்து வரவழைக்கலாம். 33,010-இலிருந்து 16,280-ஐக் கழித்தால் 16,730. அது 2023 ஜூன் காலாண்டின் வருவாய். 2024 ஜூனில் 19,120 என்பதால் அந்தக் காலாண்டின் வளர்ச்சி 14.3 சதவீதம். இப்போது 13.3. வளர்ச்சி ஒரு படி இறங்கியிருக்கிறது என்பது இந்த ஒரே தாளிலிருந்து தெரிந்துவிடுகிறது.

எந்த வரியை எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். "செயல்பாடுகள் மூலம் வருவாய்" ஒரு வரி, அதற்கு இரண்டு வரி கீழே "மொத்த வருமானம்". இரண்டாவதில் வட்டி, முதலீட்டு லாபம் போன்ற இதர வருமானமும் கலந்திருக்கும். வியாபாரம் வளர்ந்ததா என்று கேட்பவருக்கு முதல் வரியே விடை. லாபத்தில், அசாதாரண இனங்கள் என்று தனியாக ஒரு வரி இருந்தால் அதை விலக்கி ஒரு முறை, சேர்த்து ஒரு முறை என இரண்டு கணக்கும் போடுங்கள். நிலம் விற்ற பணம் ஒரு காலாண்டு லாபத்தை இரட்டிப்பாக்கியிருந்தால், அடுத்த வருடம் அதே காலாண்டில் லாபம் பாதியாகக் குறைந்தது போலத் தெரியும்.

சொத்து, கடன், கையிருப்புச் சரக்கு போன்ற இருப்புநிலை எண்களுக்கு வேறு சிக்கல். செப்டம்பர் தாளில் உள்ள இருப்புநிலை அறிக்கையில் 30.09.2024-க்குப் பக்கத்தில் இருப்பது 31.03.2024. அதோடு ஒப்பிட்டால் கிடைப்பது ஆறு மாத மாற்றம். ஆண்டு மாற்றம் வேண்டுமென்றால் போன வருட செப்டம்பர் தாளைத் தேடி எடுக்கத்தான் வேண்டும்.

மார்ச் காலாண்டு பற்றியும் ஒரு சொல். அதை நிறுவனங்கள் தனியாகத் தணிக்கை செய்வதில்லை. தணிக்கையான முழு ஆண்டு எண்ணிலிருந்து டிசம்பர் வரையான ஒன்பது மாத எண்ணைக் கழித்து வருவதே அந்தப் பத்தி. அடிக்குறிப்பிலும் அப்படியே எழுதியிருப்பார்கள். ஆண்டுக் கடைசியில் செய்யும் சரிக்கட்டல்கள் எல்லாம் அந்த ஒரு காலாண்டில் வந்து விழும். மார்ச் காலாண்டு லாபத்தின் சதவீதம் மட்டும் தாறுமாறாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

எக்செல்லில் போடும்போது

ஒரு கட்டத்தில் சமக்குறி போட்டு, நடப்பு எண் உள்ள கட்டத்தை முந்தைய எண் உள்ள கட்டத்தால் வகுத்து, 1-ஐக் கழியுங்கள். கழித்துவிட்டு வகுப்பதும் இதுவும் ஒரே விடைதான், அடைப்புக்குறி போட மறந்து தவறு செய்யும் வாய்ப்பு இதில் இல்லை. பிறகு அந்தக் கட்டத்துக்குச் சதவீத வடிவம் கொடுங்கள். சதவீத வடிவம் தானாகவே நூறால் பெருக்கிக் காட்டும். நீங்களும் நூறால் பெருக்கினால் 13.3-க்குப் பதில் 1,333 சதவீதம் என்று நிற்கும்.

பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய எண்களை நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இடைவெளியோ அடிக்குறிப்பு நட்சத்திரமோ ஒட்டிக்கொண்டு வந்தால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அடையாளம் எளிது: எண் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். இடைவெளியைக் கண்டுபிடித்து நீக்கிய பிறகே வாய்பாட்டைப் போடுங்கள். நட்டத்தை நிறுவனங்கள் அடைப்புக்குறிக்குள் போடுவார்கள்: (310) என்றால் 310 லட்சம் நட்டம். ஒட்டியபின் அது மைனஸ் 310 ஆகியிருக்கிறதா, வெறும் 310 ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

பிடிஎஃப் வெறும் ஸ்கேன் படமாக இருந்தால் கையால்தான் அடிக்க வேண்டும். அடித்து முடித்ததும் முதல் இரண்டு பத்தியையும் கூட்டிப் பாருங்கள். 18,450-ம் 19,120-ம் சேர்ந்து நான்காம் பத்தியின் 37,570 வந்துவிட்டால் அடித்ததில் பிழை இல்லை.

விடையை மனக்கணக்காலும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நல்லது. முந்தைய எண் 16,280. அதில் பத்து சதவீதம் 1,628, ஒரு சதவீதம் 163. வித்தியாசம் 2,170. 1,628-உடன் மூன்று 163 சேர்த்தால் 2,117. ஆக, 13-க்குக் கொஞ்சம் மேலே. திரையில் 11.8 என்று இருந்தால் எங்கோ தலைகீழாக வகுத்திருக்கிறீர்கள்.

மாதத்தோடு ஒப்பிட்டால் ஒன்று, வருடத்தோடு ஒப்பிட்டால் வேறு

ஜிஎஸ்டி வசூல் இதற்குப் பொருத்தமான பாடம். 2025 ஏப்ரலில் நாடு முழுவதும் மொத்த வசூல் 2,36,716 கோடி ரூபாய். மே மாதம் 2,01,050 கோடி. ஒரே மாதத்தில் 15 சதவீதம் சரிவு! ஆனால் 2024 மே மாத வசூல் 1,72,739 கோடி. அதோடு பார்த்தால் 2025 மே மாத வசூல் 16.4 சதவீதம் கூடுதல்.

சரிவு எதனால்? மார்ச்சில் நிதியாண்டு முடிகிறது. ஆண்டுக் கணக்கை முடிக்கும் வேகத்தில் நடக்கும் பரிவர்த்தனைகளின் வரி ஏப்ரலில் வந்து சேரும். அதனால் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் உயர்ந்தும் மே தாழ்ந்தும் இருக்கும். இந்த வழக்கமான மேடு பள்ளத்தை விலக்கிப் பார்க்கத்தான் ஆண்டு ஒப்பீடு இருக்கிறது. பள்ளிச் சீருடை விற்பனை, குளிர்பானம், ஏர் கண்டிஷனர், பண்டிகைத் துணி என்று பருவம் சார்ந்த எந்த வியாபாரத்துக்கும் இது பொருந்தும்.

இதே எண்களில் முழுமையாக்கலின் ஆபத்தையும் பார்க்கலாம். செய்திகளில் ஏப்ரல் வசூலை 2.37 லட்சம் கோடி என்றும் முந்தைய ஏப்ரலை 2.10 லட்சம் கோடி என்றும் போடுவார்கள். இவற்றை வைத்துக் கணக்கிட்டால் 12.9 சதவீதம். முழு எண்களான 2,36,716-ஐயும் 2,10,267-ஐயும் வைத்தால் 12.6. அரசு சொன்னதும் 12.6 தான். நீங்கள் போட்ட விடை அறிவிப்போடு தசமத்தில் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது சுருக்கிய எண்ணை வைத்துக் கணக்கிட்டீர்களா என்பதை. முழு எண்ணில் கணக்கிட்டு, கடைசியில் விடையை மட்டும் ஒரு தசமத்துக்குச் சுருக்குங்கள். இரண்டு தசமம் தேவைப்படும் இடங்கள் குறைவு.

முந்தைய எண் மைனஸாகவோ பூஜ்யமாகவோ இருந்தால்

வாய்பாடு கைவிடும் இடம் இது. போன வருடம் 50 கோடி நட்டம், இந்த வருடம் 30 கோடி லாபம். வாய்பாட்டில் போட்டால் 80 ÷ (−50), அதாவது மைனஸ் 160 சதவீதம். நிறுவனம் நட்டத்திலிருந்து மீண்டிருக்கிறது, விடையோ படுவீழ்ச்சி என்கிறது. சிலர் வகுக்கும் எண்ணின் மைனஸ் குறியை நீக்கிவிட்டு பிளஸ் 160 என்று காட்டுவார்கள். குறி சரியாகிவிடும், அந்த 160-க்கு மட்டும் பொருள் கிடையாது. 5 கோடி நட்டத்திலிருந்து 30 கோடி லாபத்துக்கு வந்த நிறுவனத்துக்கு அதே முறையில் 700 சதவீதம் வரும். அதிகம் முன்னேறியது 80 கோடி தூரம் வந்த முதல் நிறுவனம், பெரிய சதவீதம் கிடைப்பது 35 கோடி தூரம் வந்த இரண்டாவதற்கு.

எனவே குறி மாறும் இடங்களில் சதவீதமே போடாதீர்கள். "50 கோடி நட்டத்திலிருந்து 30 கோடி லாபம்" என்று எண்ணையே எழுதுங்கள். அட்டவணையில் சதவீதக் கட்டத்தில் ஒரு கோடு போதும். லாபத்திலிருந்து நட்டத்துக்குச் சரிந்தாலும் இப்படியே. இரண்டு வருடமும் நட்டம் என்றால், 50 கோடி நட்டம் 20 கோடி நட்டமானதை "நட்டம் 60 சதவீதம் குறைந்தது" என்று எழுதலாம். "லாபம் 60 சதவீதம் உயர்ந்தது" என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

முந்தைய எண் பூஜ்யமானால் எக்செல் பிழைக்குறி காட்டும். வகுக்க முடியாது, அவ்வளவுதான். பிழையை மறைக்கும் இஃப்எரர் வாய்பாட்டைப் போடுகிறவர்கள் அங்கே 0 சதவீதம் என்று வரும்படி வைத்துவிடக் கூடாது. மாற்றமே இல்லை என்று படிப்பவர் நினைப்பார். கோடு வரும்படி வையுங்கள். 20 லட்சம் லாபம் 6 கோடியானால் 2,900 சதவீதம். கணக்குச் சரி, தகவல் வீண். இந்த மாதிரி இடத்தில் ரூபாய் எண்ணை முன்னால் போடுங்கள்.

சதவீதமும் சதவீதப் புள்ளியும்

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதம். படிப்படியாக உயர்ந்து 2023 பிப்ரவரியில் 6.50 சதவீதம் ஆனது. உயர்வு 2.5 சதவீதப் புள்ளி. 250 அடிப்படைப் புள்ளி என்றும் சொல்வார்கள். "வட்டி 2.5 சதவீதம் உயர்ந்தது" என்று எழுதினால் 4 என்பது 4.1 ஆனது என்று பொருளாகும். சதவீதத்தில் சொல்ல வேண்டுமென்றால் உயர்வு 62.5 சதவீதம்.

லாப வரம்புக்கும், அதாவது வருவாயில் லாபம் எத்தனை சதவீதம் என்பதற்கும், இதுவே விதி. மேலே பார்த்த கற்பனை நிறுவனத்தின் நிகர லாபம் போன வருட செப்டம்பர் காலாண்டில் 980 லட்சம், இந்த வருடம் அதே காலாண்டில் 1,245 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். லாப வளர்ச்சி 27 சதவீதம். லாப வரம்பு 6.02 சதவீதத்திலிருந்து 6.75 சதவீதமாகியிருக்கிறது, அதாவது 0.73 சதவீதப் புள்ளி கூடுதல். ஏற்கெனவே சதவீதமாக இருக்கும் எதையும் கழித்தால் போதும், வகுக்க வேண்டாம்: லாப வரம்பு, வட்டி விகிதம், வாராக்கடன் விகிதம், சந்தைப் பங்கு எல்லாமே.

தாழ்ந்த அடித்தளம்

2021-22 ஜூன் காலாண்டில் இந்தியாவின் ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) 20.1 சதவீதம் வளர்ந்ததாக அறிவிப்பு வந்தது. நிலையான விலையில், அதாவது விலையேற்றத்தை விலக்கிப் பார்த்தால், 32.38 லட்சம் கோடி ரூபாய். ஒப்பிட்டது முந்தைய வருடத்தின் 26.95 லட்சம் கோடியோடு. அது நாடே முடங்கிக் கிடந்த 2020 ஏப்ரல்–ஜூன். அதற்கும் முந்தைய 2019-20 ஜூன் காலாண்டில் 35.66 லட்சம் கோடி. இரண்டு வருடத்துக்கு முந்தைய எண்ணோடு வைத்தால் 32.38 என்பது 9.2 சதவீதம் குறைவு. 20 சதவீத வளர்ச்சிக்குப் பிறகும் நாடு பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

ஒரு சதவீதம் அசாதாரணமாகப் பெரிதாக இருந்தால், இன்னும் ஒரு வருடம் பின்னால் போய் அந்த எண்ணையும் எடுங்கள். வெள்ளம், வேலைநிறுத்தம், ஆலைப் பராமரிப்பு மூடல் என்று போன வருடத்தில் ஏதாவது நடந்திருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. போன வருடம் அபாரமாக இருந்தால் இந்த வருடம் நன்றாக நடந்தாலும் வளர்ச்சி சோர்வாகத் தெரியும்.

இந்த ஜிடிபி எண்களில் இன்னொன்றும் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் இறுதியில் முதன்முதலாக அறிவித்தபோது அந்தக் காலாண்டின் சரிவு 23.9 சதவீதம், 35.35-இலிருந்து 26.90 லட்சம் கோடி. பின்னர் இரு எண்களும் 35.66, 26.95 என்று திருத்தப்பட்டன, சரிவு 24.4 சதவீதமானது. நிறுவனங்களும் இப்படித்தான் முந்தைய ஆண்டு எண்களை மறுவகைப்படுத்துகின்றன. எனவே போன வருட எண்ணை இந்த வருடத் தாளில் இருந்தே எடுங்கள். நீங்கள் போன வருடம் சேமித்து வைத்த கோப்பில் இருக்கும் எண் பழசாகியிருக்கலாம். இரண்டும் வேறுபட்டால் அடிக்குறிப்பில் காரணம் இருக்கும்.

ஒப்பிடும் இரண்டும் ஒரே பொருள்தானா

2023 ஜூலை 1 அன்று வீட்டுக்கடன் நிறுவனமான ஹெச்டிஎஃப்சி, ஹெச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தது. அடுத்து வந்த நான்கு காலாண்டுகளில் வங்கியின் கடன் தொகையை முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டவர்களுக்குப் பிரமாண்ட வளர்ச்சி தெரிந்திருக்கும். அதில் பெரும்பகுதி இணைப்பால் வந்தது. இதற்கு எதிராக, ஐடிசி தன் ஹோட்டல் தொழிலை 2025 ஜனவரி 1 முதல் தனி நிறுவனமாகப் பிரித்தது. பிரித்த பிறகு வரும் எண்களை ஹோட்டல் சேர்ந்திருந்த பழைய எண்ணோடு வைக்கக் கூடாது.

போனஸ் பங்கும் பங்குப் பிரிப்பும் ஒரு பங்குக்கான லாபம் போன்ற, பங்குக்கு இவ்வளவு என்று சொல்லும் எண்களை மட்டும் பாதிக்கும். ரிலையன்ஸ் 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது, அதாவது கையில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் இலவசமாக இன்னொரு பங்கு. அப்படிப்பட்ட நேரத்தில் பங்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. முன்பு ஒரு பங்குக்கு 40 ரூபாய் சம்பாதித்த நிறுவனம், லாபம் 10 சதவீதம் கூடியபின் போனஸும் கொடுத்தால் 22 ரூபாய் காட்டும். பழைய 40-உடன் வைத்தால் 45 சதவீத வீழ்ச்சி. பழைய எண்ணையும் பாதியாக்கி 20-உடன் வைத்தால் 10 சதவீத ஏற்றம், அதுதான் சரி. நிறுவனம் புதிய தாளில் பழைய எண்ணைத் தானே திருத்திப் போட்டுவிடும். நீங்கள் பழைய தாளிலிருந்து எடுத்தால்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

நாட்காட்டியும் ஏமாற்றும். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. துணிக்கடையின் 2024 அக்டோபர் விற்பனையை 2023 அக்டோபரோடு ஒப்பிட்டால் பெரிய ஏற்றமும், நவம்பரை நவம்பரோடு ஒப்பிட்டால் பெரிய இறக்கமும் தெரியும். இரண்டு மாதத்தையும் கூட்டி ஒப்பிட்டால்தான் உண்மை வெளிவரும். காலாண்டாகப் பார்த்தால் மூன்று வருடமும் அக்டோபர்–டிசம்பருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, சிக்கல் இல்லை. ரமலான் பெருநாள் அப்படி அடங்காது. இந்தியாவில் 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. காலாண்டே மாறிவிட்டது, 2025 நிதியாண்டு ஒன்றிலேயே இரண்டு பெருநாளும் வந்துவிட்டன. அட்சய திருதியை 2024-இல் மே 10, 2025-இல் ஏப்ரல் 30. நகைக்கடைக்காரர்கள் ஏப்ரலையும் மே மாதத்தையும் எப்போதும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரிக்கு 29 நாள். தினசரி விற்பனை மாறாமலே இருந்தாலும் 2025 பிப்ரவரி 3.4 சதவீதம் குறைவாகக் காட்டும். நாள் சராசரியை ஒப்பிட்டால் தீர்ந்தது.

கிளைகள் பெருகும் வியாபாரத்தில் இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும். 20 கடையில் 200 கோடி விற்றவர் 25 கடையில் 240 கோடி விற்றால் வளர்ச்சி 20 சதவீதம். கடைக்குச் சராசரி 10 கோடியிலிருந்து 9.6 கோடிக்கு இறங்கியிருக்கிறது. பழைய 20 கடைகளின் விற்பனையை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிட்ட எண் கிடைத்தால் அதைத்தான் நம்ப வேண்டும்.

விலை ஏறியதா, விற்பனை ஏறியதா

ஒரு நகைக்கடையின் விற்பனை 17 சதவீதம் கூடியிருக்கிறது, தங்கம் கிராமுக்கு 30 சதவீதம் விலை ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 17-இலிருந்து 30-ஐக் கழித்து 13 சதவீதம் குறைவு என்று சொல்லக் கூடாது, வகுக்க வேண்டும். 1.17 ÷ 1.30 = 0.90. கிராம் கணக்கில் விற்பனை 10 சதவீதம் குறைந்திருக்கிறது. பணவீக்கத்தை விலக்கும்போதும் இதே வகுத்தல்தான். விலை மாற்றம் இரண்டு மூன்று சதவீதமாக இருந்தால் கழித்தாலும் ஏறக்குறையச் சரியாக வரும், பெரிதாக இருந்தால் வராது.

மென்பொருள் நிறுவனங்களில் விலைக்குப் பதில் டாலர் வருகிறது. போன வருடம் 10 கோடி டாலர், டாலருக்கு 80 ரூபாய், ஆக 800 கோடி ரூபாய். இந்த வருடம் 10.2 கோடி டாலர், டாலருக்கு 84 ரூபாய், ஆக 856.8 கோடி. ரூபாயில் 7.1 சதவீத வளர்ச்சி, டாலரில் வெறும் 2 சதவீதம். டிசிஎஸ், இன்ஃபோசிஸ் போன்றவை நாணய மாற்றத்தை விலக்கிய வளர்ச்சியையும் தனியாக வெளியிடுகின்றன. ஒரு நிறுவனத்தின் ரூபாய் வளர்ச்சியை இன்னொன்றின் டாலர் வளர்ச்சியோடு ஒப்பிட்டுவிடாதீர்கள்.

கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாத இடங்கள்

ஒரு நிறுவனத்தின் ஒரு பிரிவு 900 கோடியிலிருந்து 945 கோடி, 5 சதவீதம். மற்றது 100 கோடியிலிருந்து 150 கோடி, 50 சதவீதம். மொத்த வளர்ச்சி 27.5 அல்ல. 1,000 கோடி 1,095 கோடியானதால் 9.5. ரூபாயைக் கூட்டிவிட்டுப் பிறகு சதவீதம் போடுங்கள்.

பல வருட வளர்ச்சிக்கும் ஆண்டுச் சதவீதங்களைச் சராசரி எடுக்க முடியாது. 100 கோடி ஒரு வருடம் 50 சதவீதம் ஏறி, அடுத்த வருடம் 50 சதவீதம் இறங்கினால் 75 கோடி. சராசரி பூஜ்யம் என்று காட்டும். கூட்டு வளர்ச்சி விகிதம்தான் வேண்டும். 2020 நிதியாண்டில் 400 கோடி, 2025 நிதியாண்டில் 700 கோடி என்றால் 700 ÷ 400 = 1.75. அதன் ஐந்தாம் மூலம் 1.118, அதாவது ஆண்டுக்கு 11.8 சதவீதம். எக்செல்லில் 1.75-க்கு அடுக்காக ஐந்தில் ஒன்றைப் போட்டு 1-ஐக் கழிக்க வேண்டும். 2020 முதல் 2025 வரை ஆறு எண்கள் இருந்தாலும் இடையில் கடந்தது ஐந்து வருடம். ஆறாம் மூலம் எடுத்து 9.8 சதவீதம் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

எழுதும்போது

"விற்பனை 13.3% உயர்வு" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் எதையும் சரிபார்க்க முடியாது. "2024 செப்டம்பர் காலாண்டில் ஒருங்கிணைந்த வருவாய், முந்தைய ஆண்டின் இதே காலாண்டில் இருந்த 162.80 கோடியிலிருந்து 13.3 சதவீதம் உயர்ந்து 184.50 கோடி ரூபாயானது" என்று எழுதுங்கள். காலம், எந்தக் கணக்கு, எதோடு ஒப்பீடு, இரண்டு எண்கள், சதவீதம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். அட்டவணையாகக் கொடுத்தால் சதவீதப் பத்திக்கு இடப்பக்கம் இரண்டு மூல எண்களும் இருக்கட்டும். எந்தத் தாளின் எந்தப் பத்தியிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் கோப்பில் அந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அடுத்த தாள் வரும்போது எந்த வரியை எடுத்தோம் என்று தேட வேண்டியிருக்காது.